சீனியம்மாளின் சேலை

பாக்கிறேன், உக்காருங்கன்னு ஏன் சொன்னேன்? கிழிச்சிட்டோம் ஐயா, ரூல்ஸ் அப்பிடின்னு ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். மனுசன் ஒரு பெருமூச்சு விட்டுட்டு படியிறங்கி இந்நேரம் பஸ் ஏறியிருப்பாரு, நானும் சாப்பாட்டு டப்பாவக் கழுவிக் கவுத்திட்டு என் சோலியப் பாத்திருப்பேன். இப்ப பாரு, எதுத்தாப்ல பெஞ்சில உக்காந்திருக்காரு. உரச்சாக்குல தைச்ச பை மடியில, ரெண்டு காலையும் சேத்து வச்சுக்கிட்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி. பேரு பெத்துராஜ். போன வருசம் செத்துப்போன, எங்க தீப்பெட்டித் தொழிலாளர் கடன் சங்கத்து உறுப்பினர் சீனியம்மாளோட வீட்டுக்காரர். அவரு கேக்கிறது பெருசா ஒண்ணுமில்ல, ஒரு போட்டோ. எங்க சங்கத்து அட்டையில ஒட்டியிருந்த அந்தச் சீனியம்மாள் போட்டோ. அது கிழிபடல, குப்பைக்கும் போகல. என் டேபிள் கீழ் டிராயர்ல, ஒரு லாங் சைஸ் நோட்டுல, நடுப்பக்கத்துல கோந்து போட்டு ஒட்டியிருக்கு. ஒட்டினது நான். ஒட்டி, அதுக்குக் கழுத்து வரைஞ்சு, கை கால் வரைஞ்சு, சேலை கட்டிவிட்டதும் நான்தான். இத எந்த வாயால சொல்ல? அவரு தலையத் தூக்குறாரு. நான் குனியறேன். கீழ் டிராயர இழுத்து, உள்ள கைய விட்டு, தேடுற மாதிரி குண்டூசி டப்பாவ உருட்டுறேன். நோட்டு கையில தட்டுது. நிமிந்தா அவரு இன்னும் என்னையே பாக்கிறாரு, தேடுறாளே பாவம்னு. மறுபடி குனியறேன். மத்தியானத்துல இருந்து இதே வேலையாப் போச்சு, குனியறதும் நிமிர்றதும்.

சொல்லிரலாம். எந்திரிச்சுப் போயி, ஐயா கிழிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிரலாம். அது பொய்யின்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. செகரட்டரி ராமசுப்பு சாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. உறுப்பினர் செத்துட்டா அட்டைய ரத்து பண்ணணும், அதுக்கு எங்க சங்கத்துல ஒரு முறை உண்டு. அட்டையில சிவப்பு மையில ரத்துன்னு முத்திரை அடிக்கணும். போட்டோவ ஈரத்துணி வச்சு ஊறவிட்டு உரிக்கணும். உரிச்சுக் கிழிச்சுப் போட்டுறணும். முந்தி எவனோ ஒருத்தன் செத்தவ அட்டையில வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்து கடன் வாங்கிட்டுப் போயிட்டானாம், அந்தக் களவாணிப் பயலுக்காக இன்னைக்கு வரைக்கும் இந்த ஊரு தீப்பெட்டிக்காரப் பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் கிழிபடுது. ஊதா மை மத்த எல்லா முத்திரைக்கும். பெறப்பட்டது, அனுப்பப்பட்டது, தேதி, எல்லாம் ஊதா. சிவப்பு மைப்பேடு ரத்துக்கு மட்டும். கிழிக்கிற வேலை என்னோடது. வேலைக்குச் சேந்த புதுசுல கிழிச்சேன், இல்லைங்கல. ஒரு பொம்பள, நல்லா வெத்தலை போட்ட வாயி, சிரிச்ச மேனிக்கு இருந்தா. கிழிச்சது சரியா கண்ணு வழியாப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. அடுத்து வந்ததக் கிழிக்க மனசு வரல, டிராயர்ல போட்டேன். அதுக்கடுத்ததும். இப்பிடித்தான் வந்து சேந்தாங்க எல்லாரும். நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்லிக்கலாம்தான். பெத்துராஜ் வந்து உக்கார்ற வரைக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டும் இருந்தேன்.

சேத்து வச்சவ சும்மா வச்சிருக்க வேண்டியதுதான? கை சும்மா இருக்கல. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சா கடற்கரையண்ணன் ரெக்கார்டு ரூம்ல துண்ட விரிச்சுப் படுத்துருவாரு. எங்க அட்டெண்டர், பேரே கடற்கரைதான், கடலப் பாத்ததில்லேம்பாரு. செகரட்டரி வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டா வெயில் தாழத்தான் வருவாரு. ஃபேன் கடகடன்னு சுத்தும், கீழ உரக்கடையில இருந்து யூரியா வாடை ஏறும், எதுத்த டீக்கடையில தவசி அண்ணாச்சி பேப்பர சத்தம் போட்டு வாசிப்பாரு, வாசிக்கத் தெரியாத கூட்டம் கிளாஸக் கையில வச்சுக்கிட்டுக் கேக்கும். நான் நோட்ட எடுப்பேன். டேபிள் மேல என்னென்ன இருக்கோ அதுதான் எனக்கு. கார்பன் பேப்பர நகத்தால தேச்சா ராத்திரி வரும். பஞ்சிங் மிஷினக் கவுத்தித் தட்டினா வெள்ளை வெள்ளையா பொட்டு, அது மல்லிகைப்பூ, சில நாள் ஆலங்கட்டி. ஸ்டேப்ளர் பின்ன வரிசையா அடிச்சா மழை பெய்யும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஈரமாவே இருக்கும். கட்டை விரல ஊதாப் பேடுல வச்சு ஒத்தினா குருவி, ரெண்டு கோடு இழுத்தா காலு. ஃபைல் கட்டுற நூல் சடை. சீல் வைக்கிற அரக்கு ஒரு சொட்டு போதும், நெத்தி நிறைஞ்சுரும். கடையில கலர் பெட்டி வாங்குனா என்னவாம், சம்பளக்காரிதானன்னு தோணும். வாங்கினேனே ஒருதரம். வீட்டுக்குக் கொண்டுபோனா மதினி, அட உங்க அத்தை உங்களுக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கா பாருங்கடான்னு அண்ணன் பிள்ளைங்க கையில குடுத்துட்டா. அதுக எனக்குன்னு எனக்குன்னு குதிக்குதுக. இல்ல, அது எனக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வயசு என்ன ஆச்சு, கலர் பெட்டி கேக்குதாம்னு சிரிப்பாங்கல்ல. சின்னப் பிள்ளையில தீப்பெட்டி லேபிள் பிழையா அச்சடிச்சத அச்சாபீஸ் வாசல்ல பொறுக்கி, மயிலு தலையில தாமரைய ஒட்டி, யானைக்குக் கிளி ரெக்கை வச்சு விளையாடின கை இது. அந்தக் கை வளரவேயில்ல. எனக்குத்தான் வயசாச்சு, அமலோற்பவம் மேடம் ஆயாச்சு. மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, செஞ்ச பாவத்தச் சாமியார்ட்ட சொல்ல, முழங்கால் போடும்போதெல்லாம் இத நெனப்பேன். பத்துக் கட்டளையில எதுல சேக்க? ஆபீஸ் மைய எடுத்தேன் சாமின்னா சாமியாரு சிரிச்சிருவாரு. செத்தவங்கள வச்சு விளையாடுறேன் சாமின்னா? அதுக்குச் சிரிக்க மாட்டாரு. அதனாலதான் சொன்னதேயில்ல. கோவப்பட்டேன், மதினியப் புறணி பேசினேன், அம்புட்டோட எந்திரிச்சு வந்துருவேன்.

மூஞ்சி மறக்குது தாயின்னாரு. வந்து நின்ன உடனே சொல்லல. வருசத் திதி வருது, ஸ்டூடியோக்காரன் சின்னப் படம் ஏதும் இருந்தா கொண்டா பெருசு பண்ணித் தாரேன்னான், கல்யாணத்துல படம் எடுக்கல, அதுக்கப்புறம் யாரு எடுத்தா, சங்கத்து அட்டைக்கின்னு எடுத்தது ஒண்ணுதான், அது இங்கதான இருக்குன்னு சுத்திச் சுத்தி வந்தாரு. கடற்கரையண்ணன் படுத்த இடத்துல இருந்தே, அதெல்லாம் கிழிச்சிருவோம் பெரியவரேன்னு குரல் குடுத்தாரு. அப்பவே நான் தலைய ஆட்டியிருக்கணும். ஆட்டல. பெத்துராஜ் டேபிள்கிட்ட குனிஞ்சு, அண்ணனுக்குக் கேக்காத மாதிரி சொன்னாரு. "மூஞ்சி மறக்குது தாயி. கண்ண மூடினா மூக்குத்தி வருது, மூக்கு வரமாட்டேங்கு. குரலு இருக்கு. என்னைய ஏசுறது அப்பிடியே இருக்கு. மூஞ்சி மட்டும் எங்கிட்டோ போயிருது." அதுக்குத்தான் என் வாயில பாக்கிறேன், உக்காருங்கன்னு வந்தது. சேசுவே, எனக்கு அந்த மூக்கு தெரியும். கொஞ்சம் சப்ப மூக்கு, மூக்குத்திப் பக்கம் லேசா மேடு. இடது புருவத்து முனையில மச்சம். பிளாஷ் வெளிச்சத்துக்குத் திடுக்கிட்டு, வாய் பாதி திறந்து, எடுத்தாச்சான்னு கேக்கப்போற மாதிரி இருப்பா. கண்ண மூடிக்கிட்டு இப்பவும் வரைவேன். புருசனுக்கு மறந்த மூஞ்சி எனக்கு மனப்பாடம். ஆனா உயிரோட வந்திருப்பால்ல, வருசா வருசம் அட்டை புதுப்பிக்க இதே டேபிளுக்கு? வந்து, இதே பெஞ்சில உக்காந்து, விரல்ல பசை காஞ்ச தோலு உரிஞ்சு நிக்க, மேடம்னு கூப்பிட்டிருப்பால்ல? ஒண்ணும் ஞாபகமில்ல. நிமிந்திருக்க மாட்டேன். அட்டைய வாங்கி, முத்திரைய அடிச்சு, அடுத்தாள்னு சொல்லியிருப்பேன். அவ செத்து, போட்டோவ உரிச்சப்பதான் அவளப் பாத்தேன்.

அன்னைக்கும் இவரு இந்த பெஞ்சிலதான் இருந்தாரு. இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தாரு. கையெழுத்துப் போடத் தெரியாதுன்னதும் கட்டை விரலப் பிடிச்சு ஊதாப் பேடுல உருட்டி, ரசீதுல பதிச்சேன். மைய எங்க துடைக்கன்னு தெரியாம தலைமுடியில தடவிக்கிட்டாரு. கண்ணுல தண்ணி வடிஞ்சுகிட்டே இருந்துச்சு, அவரு அதத் துடைக்கக்கூட இல்ல. நான் அட்டையில ரத்து அடிச்சேன். ஈரத்துணிய வச்சேன். போட்டோ மெதுவா நெளிஞ்சு வந்துச்சு, கையில எடுத்தேன், பாத்தேன். பாத்ததும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அடடா, என்ன மூஞ்சின்னு. சந்தோசம். அடி வயித்துல இருந்து கிளம்பி வருமே, புதுத்துணி எடுத்த பிள்ளைக்கு வருமே, அந்தச் சந்தோசம். எதுத்தாப்ல அவ புருசன் அழுதுகிட்டு உக்காந்திருக்கான், நான் இங்க, இவளுக்கு எந்தப் பக்கம், எம்மாம் உயரத்துல நிக்க வைக்கன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் போக மாட்டாரான்னுகூட நெனச்சேன். மனுசியா நான்? மைய எடுத்ததெல்லாம் இதுக்கு முன்னால எந்த மூலைக்கு. அவரு படியிறங்கின சத்தம் முழுசா அடங்கல, நோட்ட எடுத்துட்டேன்.

அவள முழுசா நிக்க வச்சேன். அதுவரைக்கும் யாரையும் அப்பிடி நிக்க வச்சதில்ல, சின்னச் சின்னதா மூலையில உக்காத்தி வைப்பேன், குருவி பக்கத்துல, மரத்தடியில. இவளுக்கு ஒரு பக்கம் பூராவும் குடுத்தேன். காலடியில கார்பன தேச்சுத் தேச்சு நீலமா தண்ணி. தலைக்குமேல பின் மழை. கொண்டையில பஞ்சிங் பொட்டு. கை ரெண்டையும் லேசா விரிச்சு, இதோ வந்துட்டேன்ங்கிற மாதிரி. எல்லாம் வந்துருச்சு, சேலை மட்டும் வரல. ஊதாவுல அடிச்சா செத்த கலரா இருந்துச்சு. அந்த மூஞ்சிக்கு சிவப்புத்தான் வேணும், வேற எதுவும் நிக்காது. சிவப்பு எங்க இருக்கு? ரத்து பேடுல இருக்கு. விரல வச்சு ஒத்திப் பாத்தேன், திட்டுத் திட்டா அப்பிச்சு. முத்திரைய எடுத்து ஓரமா ஒண்ணு அடிச்சேன். சின்னதா, வரிவரியா, நல்லா நெசவு மாதிரி விழுந்துச்சு. பக்கத்துல இன்னொண்ணு. அடுத்து ஒண்ணு. அதுக்கப்புறம் நான் நிறுத்தல. மடிப்புக்குச் சாய்ச்சு அடிச்சேன், முந்திக்கு நெருக்கி அடிச்சேன், கரையில தலைகீழா அடிச்சேன். தூரத்துல வச்சுப் பாத்தா பூப்போட்ட சிவப்புச் சேலை, காத்துல லேசா தூக்கிக்கிட்டு. கிட்ட வந்தா ரத்து ரத்து ரத்து. அப்ப எனக்கு எழுத்தே கண்ணுல படல. சத்தியமா படல. பூவாத்தான் தெரிஞ்சுது. படிச்சவதான நான், தினம் அந்த முத்திரையக் கையில பிடிக்கிறவதான? எப்பிடிப் படாமப் போச்சு? பட்டும் படாத மாதிரி இருந்துக்கிட்டேனா? என் ஆயுசுல நான் செஞ்ச நல்ல காரியம் அந்தப் பக்கம் ஒண்ணுதான். அதத்தான் இப்ப அந்த மனுசன் கேக்கிறாரு, கேக்கிறோம்னு தெரியாமலே.

வழியா இல்ல? யோசிச்சுப் பாத்துட்டேன் எல்லாத்தையும். ஈரத்துணி வச்சு மறுபடி உரிச்சிரலாம். கோந்து நல்லாப் பிடிச்சிருக்கு, உரிச்சா மூஞ்சி தோலோட வரும், பாதி என் நோட்டுல பாதி அவரு கையிலன்னு ஆயிரும். நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டு, நோட்டோட நானே ஸ்டூடியோவுக்குப் போயி மூஞ்சிய மட்டும் படம் பிடிச்சுத் தரச் சொல்லலாம். ஸ்டூடியோ வச்சிருக்கவன் செகரட்டரிக்கு மச்சினன், சாயங்காலத்துக்குள்ள செகரட்டரி டேபிளுக்குப் போயிரும் சேதி. பிளேடால மூஞ்சிய மட்டும் அறுத்துக் குடுக்கலாம். அப்ப சேலை கட்டின முண்டம் ஒண்ணு என் நோட்டுல நிக்கும். இல்ல, எல்லாத்தையும் விட லேசு, கிழிச்சாச்சுன்னு சொல்றது. ரூல்ஸ் என் பக்கம் இருக்கு. இத்தனை வழியும் எதுக்கு யோசிக்கிறேன்? வேலைக்குப் பயந்தா? நெசத்தச் சொல்லு அமலு, யாரு கேக்கப்போறா, உனக்குள்ளதான சொல்லிக்கிற. வேலை போகாது. ஒரு மெமோ வரும், ரெண்டு நாள் சிரிப்பாங்க. எனக்கு அந்தப் பக்கத்தக் குடுக்க மனசில்ல. அம்புட்டுத்தான். ஒருத்தன் பொண்டாட்டி மூஞ்சி மறந்து தவிக்கிறான், அவ படத்தக் கீழ வச்சுக்கிட்டு, என் படம் போயிருமேன்னு நான் தவிக்கிறேன். தூ. மூஞ்சியில துப்பிக்கணும் போல வருது. அவரு எந்திரிச்சு மண்பானையில தண்ணி மொண்டு குடிக்கிறாரு. குடிச்ச டம்ளரக் கழுவி வைக்கிறாரு. என்னையப் பாத்து, மெதுவாத் தேடு தாயி, அவசரமில்லன்னு சொல்றாரு. நான் குனிஞ்சுட்டேன். டிராயருக்குள்ள தலைய விட்டு, நோட்டு மேல நெத்திய வச்சுக்கிட்டேன்.

கரண்டு போயிருச்சு. ஃபேன் ரெண்டு சுத்து சுத்தி நின்னுச்சு. நின்ன உடனே தெருச்சத்தம் எல்லாம் உள்ள வந்துச்சு, பஸ் ஆரன், தவசி அண்ணாச்சி யாருக்கோ மழைச் சேதி வாசிக்கிறது. பெத்துராஜ் பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." இப்ப சொல்லு. கிழிச்சாச்சு. ஒத்த வார்த்தை. வாயத் திறந்தேன். மூக்கு வரமாட்டேங்குன்னு அவரு சொன்னது எங்கிருந்தோ வந்து நின்னுச்சு. "இருக்கு ஐயா"ன்னு சொல்லிட்டேன். என் குரல் மாதிரியே இல்ல. கீழ குனிஞ்சேன், இந்தத் தடவ நெசமாவே எடுக்க. நோட்ட டேபிள் மேல வச்சு, நடுப்பக்கத்த விரிச்சேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. மூக்குக்கு மேல விரலக் கொண்டுபோயி, தொடாம, காத்துலயே வச்சிருந்தாரு. "சீனி"ன்னாரு. அம்புட்டுத்தான். "ஐயா, நான்தான்... கிழிக்கச் சொல்லுவாங்க, மனசு வரல. எடுத்து ஒட்டி, இப்பிடி... தப்புத்தான் ஐயா. இருங்க, மூஞ்சிய வெட்டித் தந்திருறேன்"னு கத்திரிய எடுத்தேன். அவரு பதறிட்டாரு. என் கையப் பிடிச்சே பிடிச்சிட்டாரு. "ஐயோ, கழுத்துக்கிட்ட கத்திரிய வைக்காத தாயி!"

அப்பிடியே குடுத்துரு, அப்பிடியே இருக்கட்டும்னாரு. "தப்பு என்ன தப்பு. நீ கிழிச்சிருந்தா இவ எங்க? பாரு, முழுசா நிக்கா. ஒருநாளும் இப்பிடி நிமிந்து நின்னதில்ல, எந்நேரமும் பெட்டியும் பசையுமாக் குனிஞ்சே கிடந்தா." நான் ஸ்கேல வச்சு, பக்கத்த நோட்டுல இருந்து பதறாமக் கிழிச்சேன். கிழிக்கிற சத்தம் எனக்கு வலிச்சுது, வலிக்கட்டும்னு நெனச்சேன், நல்லா வலிக்கட்டும். குடுத்துட்டேன். போயிருச்சு. ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரிகூட இருந்துச்சு, இந்தா அமலு, நீ ஒண்ணும் அம்புட்டு மோசமில்லன்னு. அப்பத்தான் அவரு ஜன்னல் பக்கம் போயி வெளிச்சத்துல வச்சுப் பாத்தாரு. "சேலை ஜோரா இருக்கு. இது என்ன தாயி, பூவு கிட்டப்போயிப் பாத்தா எழுத்தாட்டம் இருக்கு?" சேசுவே. சேசுவே, மாதாவே. இத நான் மறந்தே போனேன். மத்தியானம் பூரா நூறு பயம் பயந்தவ இத ஒண்ண நெனைக்கல. அவரு என்னையே பாக்கிறாரு. மூஞ்சி பூரா சந்தோசம். சொல்லு. ரத்துன்னு சொல்லு. செத்தவ அட்டையில அடிக்கிற முத்திரை ஐயா, அதத்தான் உங்க பொண்டாட்டிக்குத் தலையில இருந்து கால் வரைக்கும் அடிச்சு வச்சிருக்கேன்னு சொல்லு. "அவங்க பேருதான் ஐயா"ன்னு சொன்னேன். "பேரா? சேலை பூராவும் அவ பேரா?" ஆமான்னு தலைய ஆட்டினேன். "இத்தினிக்கூண்டு எழுத்துல சீனியம்மா அடங்குமா?" "சுருக்கி எழுதுறது ஐயா, ஆபீஸ்ல அப்பிடித்தான்." அவரு விரல எடுத்து முந்தியில வச்சாரு. ஒவ்வொரு முத்திரையாத் தொட்டுக்கிட்டு வந்தாரு. "சீனியம்மா. சீனியம்மா. சீனியம்மா." பொடிப் பிள்ளை எழுத்துக்கூட்டுற மாதிரி, விரல நகத்தி நகத்தி. மடிப்பு வரைக்கும் வந்துட்டாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

எனக்குக் கும்பிடு போட்டாரு. பழைய செய்தித்தாள் ஒண்ணு கேட்டு வாங்கி, படம் கசங்காம உள்ள வச்சு, நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு படியிறங்கினாரு. ஒவ்வொரு படியாச் சத்தம் கேக்குது. இப்பவும் கூப்பிடலாம். ஐயான்னு ஒரு சத்தம் போட்டா நிப்பாரு. போட்டு என்ன சொல்ல? அவரு சந்தோசத்தக் கெடுக்கணுமா? இருக்கட்டுமே, பேருன்னே இருக்கட்டுமே, அவரு வீட்டுச் சுவத்துல மாட்டப்போறாரு, அவரு பாக்கப்போறாரு, அவருக்குத் தெரியவா போகுது? அப்ப அவரு வீட்டுக்கு வர்றவங்க? ஸ்டூடியோக்காரன்? திதிக்கு வர்ற சொந்தக்காரன்? அந்த வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை ஒண்ணுகூடவா இருக்காது? நான் ஜன்னல்கிட்ட போனேன். அவரு ரோட்டத் தாண்டிட்டாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் போவாருன்னு பாத்தா டீக்கடைக்குப் போறாரு. செய்தித்தாளப் பிரிக்கிறாரு. பெஞ்சில உக்காந்திருக்கவன்ட்ட காமிக்கிறாரு. கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாரு, மாடியக் கை காமிக்கிறாரு, என்னையத்தான். சேலைய விரலால தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு. தவசி அண்ணாச்சி பேப்பர மடக்கி வச்சிட்டு வாறாரு. கண்ணாடிய எடுத்து மாட்டுறாரு. வேண்டாம் அண்ணாச்சி. வாசிக்காதீங்க அண்ணாச்சி, ஒரு நாள் வாசிக்காம இருங்களேன். படத்தக் கையில வாங்கி, தூரமாப் பிடிச்சு, கிட்டக் கொண்டுவந்து, குனிஞ்சு பாக்கிறாரு. அண்ணாச்சி உதடு அசையுது. எனக்குச் சத்தம் கேக்கல. மறுபடி ஒருதரம் அசையுது, பெத்துராஜ் கேட்டிருப்பாரு போல. பெஞ்சில சிரிச்சுக்கிட்டு இருந்தவன் சிரிப்ப நிறுத்திட்டான். பெத்துராஜ் படத்தத் திருப்பி வாங்கிக்கிட்டாரு. சேலை மேல ஒரு விரல வச்சாரு, எடுத்துட்டாரு. அப்புறம் தலையத் தூக்கி மாடி ஜன்னலப் பாத்தாரு. கை தானா டேபிள் பக்கம் போச்சு, உடம்பு தானா மடங்கப் பாத்துச்சு. ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். குனியல.